தண்ணீர் ஊற்றக் கூடாத இரசாயனம்

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காக வாசலில் தொட்டி வைத்துச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி ஏற்கெனவே தெரியும். சுட்ட சுண்ணாம்புக் கற்களின் மேல் தண்ணீரை ஊற்றினால் சற்று நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு கற்கள் புஸ்ஸென்று வாய் பிளக்க, தொட்டி முழுவதும் தளதளவென்று கொதிக்கத் தொடங்கும். அடியில் அடுப்பு எதுவும் இல்லை. கால்சியம் ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடாக மாறும்போது வெளிப்படும் வெப்பம் மட்டுமே அந்தக் கொதிப்புக்குக் காரணம். 1 கிலோ சுட்ட சுண்ணாம்பிலிருந்து வரும் வெப்பம், சாதாரணமாகக் குழாயில் வரும் 3 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது.

சுண்ணாம்பு வெப்பத்தோடு நின்றுவிடுகிறது. மாம்பழத்தைப் பழுக்க வைக்கப் பயன்படுத்தக் கூடாது என்று தடை செய்யப்பட்ட கார்பைட் கல், ஈரம் பட்டதும் அசெட்டிலின் என்ற எரிவாயுவையும் வெளியிடுகிறது. சிவகாசியில் பட்டாசுத் தொழிலில் இருப்பவர்கள் அலுமினியத் தூளில் ஈரம் ஏறிவிடாமல் காப்பதற்கும் இதே வகைக் காரணம்தான்: ஈரமான தூள் தானாகவே சூடேறி ஹைட்ரஜனை வெளியிடும். இவற்றைவிடக் கொடிய வகை ஒன்று உண்டு. அதில் வெப்பமும் நச்சு வாயுவும் ஒருசேரக் கிளம்பும். மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம் ஆகியவற்றின் தயாரிப்பில் பயன்படும் பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடு, தயோனைல் குளோரைடு போன்ற திரவங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. தூத்துக்குடித் துறைமுகத்தையும் உள்நாட்டுத் தொழிற்சாலைகளையும் இணைக்கும் நெடுஞ்சாலைகள் மதுரையைத் தொட்டுச் செல்வதால், இத்தகைய சரக்கு நம் ஊர்ப் பக்கமே வராது என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

கப்பலூர்ப் பக்கம் ஒரு லாரியிலிருந்து பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடு டிரம் ஒன்று உருண்டு விழுந்து உடைந்ததாக வைத்துக்கொள்வோம். தரையில் பரவும் திரவம் நிறமற்றது; காற்றில் இருக்கும் ஈரமே போதும், அது வெண்புகையாகப் புகையத் தொடங்கும். புகையைக் கண்டதும் பக்கத்து டீக்கடையிலிருந்து யாராவது குடத்தோடு ஓடி வருவார். அவரைக் குறை சொல்ல மனம் வராது, ஏனென்றால் நம் கைகள் காலங்காலமாக அப்படித்தான் பழகியிருக்கின்றன. ஆனால் அந்தத் திரவம் 1 கிலோ முழுவதும் வினைபுரிய ஏறத்தாழ 350 மில்லி லிட்டர், அதாவது ஒரு சொம்புத் தண்ணீர் போதும். அதிலிருந்து ஏறத்தாழ 480 லிட்டர் ஹைட்ரஜன் குளோரைடு வாயு உருவாகக்கூடும். காற்றில் 10 லட்சம் பங்குக்கு 50 பங்கு இருந்தாலே அது உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதப்படும் வாயு. அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ திரவமும் ஒரு சொம்புத் தண்ணீரும் சேர்ந்து, 40 மீட்டர் நீளமும் 24 மீட்டர் அகலமும் 10 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு பெரிய கல்யாண மண்டபத்தின் காற்று முழுவதையும் கெடுத்துவிடும்.

இந்தத் திரவத்திடம் இன்னொரு வஞ்சகமும் உண்டு. இது தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தியானது என்பதால், பள்ளத்தில் தேங்கிய நீரில் விழுந்தால் அடியில் தனிப் படலமாகத் தங்கிவிடலாம். அப்போது இரண்டும் தொடும் எல்லையில் மட்டும் வினை மெதுவாக நடக்கும். பார்ப்பவர்கள் ஆபத்து அடங்கிவிட்டது என்று நினைத்து நெருங்கும் வேளையில், சூடு ஏறி, படலங்கள் கலைந்து, எல்லாம் ஒரே மூச்சில் பொங்கிவிடும். சுண்ணாம்புத் தொட்டியின் அந்த முதல் அமைதியை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே சாலையில் இருப்பவர் செய்ய வேண்டியது மிகக் குறைவு: விலகுவது, மற்றவர்களை விலக்குவது, 112க்கு அழைப்பது. எந்தப் பக்கம் விலகுவது என்பதைக் காற்றும் நிலமும் தீர்மானிக்கின்றன. காற்று வரும் திசையை நோக்கி, புகைக்குக் குறுக்காகச் செல்லாமல், மேட்டுப் பக்கம் போக வேண்டும். ஹைட்ரஜன் குளோரைடு காற்றைவிடக் கனமானது என்பதால் ஓடைகளிலும் கண்மாய்ப் பள்ளங்களிலும் இறங்கித் தங்கும். கரையை மறைவாக நினைத்து உள்ளே இறங்குவது வாயுவுக்குள் இறங்குவதற்குச் சமம்.

டேங்கர் லாரியாக இருந்தால், அதன் பக்கங்களிலும் பின்புறத்திலும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அதில் சரக்கின் பெயரும், ஐக்கிய நாடுகள் சபையின் நான்கு இலக்க எண்ணும், தொலைபேசி எண்ணும் இருக்கும். பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடுக்கு அந்த எண் 1810. பலகையில், தீயணைப்பு வீரர்கள் எதைப் பயன்படுத்த வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லும் ஹஸ்கெம் (Hazchem) குறியீடும் இருந்து, அதன் முதல் இலக்கம் 4 என்றால், தண்ணீர் படக் கூடாது, உலர்ந்த பொருளையே பயன்படுத்த வேண்டும் என்று பொருள். பக்கத்தில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. தொலைவிலிருந்தே கைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுத்து, தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் போதும்.

கசிவை நெருங்குவது, உடல் முழுவதையும் மூடும் இரசாயனக் காப்புடையும் முதுகில் காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவியும் அணிந்தவர்களின் வேலை. அவர்களுடைய முதல் தேவை உலர்ந்த மணல். சொல்ல எளிது, கிடைப்பதுதான் அரிது. கட்டட வேலை நடக்கும் இடத்து எம்சாண்ட் குவியலின் மேற்பரப்பு வெயிலில் வெளுத்திருந்தாலும், ஒரு சாண் தோண்டினால் கையில் ஒட்டும் ஈரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்து கிடந்த சிவப்பு வாளி மணலும் அப்படித்தான். ஈர மணலைக் கொட்டினால் அதுவும் தண்ணீர் ஊற்றியதுதான். மரத்தூளையும் பயன்படுத்தக் கூடாது, அது எரியக்கூடிய பொருள். அள்ளிய கழிவை உடனே டிரம்மில் போட்டு இறுக மூடுவதும் தவறு, உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தில் வாயு உருவாகி டிரம்மையே வெடிக்க வைக்கலாம். மழை வரும்போல் இருந்தால் தார்ப்பாய் போட்டு மூடுவதும், பாதாளச் சாக்கடையின் வாயையும் கண்மாய்க்குப் போகும் வாய்க்காலையும் மண்ணால் அணைப்பதும் அவசரம். புகை ஊர்ப்பக்கம் நகர்ந்தால், தொலைவில் மெல்லிய நீர்த்திரையை எழுப்பி வாயுவைக் கரைத்து இறக்கும் முறை உண்டு. ஆனால் அதன் ஒரு தாரைகூடக் கசிவின் மேல் விழக் கூடாது, இறங்கும் அமில நீரும் தேங்கி நிற்க இடம் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, மனித உடல் மட்டும் விதிவிலக்கு. தோலிலோ கண்ணிலோ திரவம் பட்டுவிட்டால், அங்கே இருக்கும் ஈரத்தோடு அது அப்போதே வினைபுரியத் தொடங்கிவிடுகிறது. இனித் தண்ணீரைத் தவிர்ப்பதில் பயனில்லை. குறைந்த நீர்தான் சூட்டை ஏற்றும். நிறைய நீர் சூட்டையும் அமிலத்தையும் சேர்த்து அடித்துச் செல்லும். அதனால் நனைந்த உடைகளைக் களைந்து, குறைந்தது 20 நிமிடமாவது ஓடும் நீரில் விடாமல் கழுவ வேண்டும். பொடியாகவோ கட்டியாகவோ ஒட்டியிருந்தால், முதலில் உலர்வாகத் தட்டிவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். உதவி செய்பவரின் கைகளிலும் கையுறை இருக்க வேண்டும்.

வாயுவைச் சுவாசித்தவர் இருமல் நின்று, நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். பகலில் நடந்து வந்தவருக்கு இரவில் மூச்சு முட்டலாம். 108இல் ஏற்றும்போது அந்தப் பலகையின் படத்தையும் சேர்த்து அனுப்பினால், எந்த இரசாயனம் என்று மருத்துவர் தேட வேண்டியிருக்காது.