டீம் கல்ச்சர்: அணிப்பண்பாடு

என்பிஏ எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரைப் பார்க்கிறவர்கள், ஆட்டத்தின் கலைச்சொற்களுக்கு அடுத்தபடியாக மிகுதியாகக் கேட்கும் சொல் 'கல்ச்சர்'. ஓர் அணி வென்றால் அதன் கல்ச்சர் நன்றாக இருக்கிறது என்பார்கள். தோற்றால் கல்ச்சர் கெட்டுவிட்டது என்பார்கள். பழைய வீரர்களை அனுப்பிவிட்டு இளையவர்களைக் கொண்டு அணியைப் புதிதாகக் கட்டும் நிர்வாகம் மூன்று நான்கு ஆண்டுகள் அடிமட்டத்தில் கிடக்கும்போது, அந்தத் தோல்விகளே கல்ச்சரை அரித்துவிடாதா என்ற கேள்வி எழுகிறது. தமிழில் இதை எழுத முனைகிறவருக்கு இதில் இரட்டைச் சிக்கல். 'கலாச்சாரம்' என்று எழுதினால் திருவிழாவும் உடையும் உணவும் கண்முன் வருகின்றன. 'டீம் கல்ச்சர்' என்று அப்படியே விட்டுவிட்டால், எந்தப் பொருளில் சொல்கிறோம் என்பது எழுதுகிற நமக்கே தெளிவாவதில்லை. சொல்லின் பொருளை முதலில் உறுதிசெய்துகொண்டால் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

கல்ச்சர் என்பதன் வேர் 'கொலெரே' என்ற இலத்தீன் வினைச்சொல். நிலத்தை உழுது பேணுதல், ஓரிடத்தில் குடியிருத்தல், தெய்வத்தைப் போற்றுதல் ஆகிய மூன்று பொருளும் அதற்கு உண்டு. அதிலிருந்து பிறந்த 'குல்தூரா' முதலில் வேளாண்மையையே குறித்தது. ரோமானியப் பேச்சாளரும் சிந்தனையாளருமான சிசரோ மெய்யியலை மனத்தின் உழவு என்று சொன்னபோது அந்தச் சொல் வயலை விட்டு மனிதனுக்குள் நுழைந்தது. ஒரு மக்கள் கூட்டத்தின் அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் அனைத்தையும் சேர்த்துக் கல்ச்சர் என்று ஆங்கிலேய மானிடவியலர் எட்வர்ட் டைலர் வரையறுத்தது 1871இல். தொழிற்கூடத்துக்கும் கல்ச்சர் உண்டு என்ற பேச்சு அதற்கும் எண்பது ஆண்டுகள் கழித்து வந்தது. இலண்டன் தொழிற்சாலை ஒன்றை ஆராய்ந்த எலியட் ஜாக்ஸ் 1951இல் அதை எழுதினார். 1980களில் அமெரிக்க மேலாண்மைப் படிப்பு இச்சொல்லை எங்கும் பரப்பியது. விளையாட்டு அணிகளின் நிர்வாகத்துக்குள் இன்று புழங்குவது இந்தக் கடைசிப் பொருளே.

அக்காலத்து ஆய்வாளர்களில் எட்கர் ஷைன் சொன்ன ஒரு பகுப்பு நமக்கு இங்கே மிகவும் பயன்படும். ஒரு நிறுவனத்தில் கண்ணுக்குத் தெரியும் சடங்குகளும் சின்னங்களும் மேலடுக்கு. 'எங்கள் கொள்கை இது' என்று வாயால் சொல்லிக்கொள்பவை நடு அடுக்கு. யாரும் எடுத்துச் சொல்லாமலே எல்லோரும் மெய்யென்று கொண்டு நடப்பவை அடியடுக்கு. மியாமி ஹீட் அணி 2023-24 பருவத்தில் 'ஹீட் கல்ச்சர்' என்ற தொடரைத் தன் சட்டையிலேயே அச்சிட்டது. அது மேலடுக்கு. அந்த அணி 2007-08இல் 15 வெற்றி, 67 தோல்வி என்று விழுந்து கிடந்த பருவத்திலும் உள்ளே இருந்து, மொத்தம் இருபது பருவங்கள் ஒரே அணியில் கழித்த உடோனிஸ் ஹாஸ்லம் போன்ற ஒருவரைப் பார்த்து இளையவர்கள் கற்றுக்கொண்டது அடியடுக்கு.

இனித் தமிழுக்கு வருவோம். கல்ச்சருக்கு நேராகப் 'பண்பாடு' என்ற சொல்லை ஆக்கித் தந்தவர் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் என்று எஸ். வையாபுரிப்பிள்ளை குறித்திருக்கிறார். பண்படுதல், பண்படுத்துதல் என்ற வினைகள் அதற்கு முன்பே தமிழில் உண்டு. நிலத்தைப் பண்படுத்துவது என்று உழவர் இன்றும் சொல்கிறார்கள். இலத்தீன் சொல்லின் அடியில் கிடக்கும் உழவு தமிழ்ச் சொல்லின் அடியிலும் கிடப்பது இந்த ஆக்கத்தின் பெருமை. கலித்தொகையில் 'பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்' என்று ஓர் அடி வருகிறது. உலகத்து ஒழுக்கமுறை அறிந்து அதன்படி நடத்தல் என்பது அதற்கு வழக்கமான உரை. அறிதல், ஒழுகுதல் என்ற இரண்டு வினைகளும் அதில் இருப்பதைக் கவனிக்க வேண்டும்: முறை இன்னதென்று தெரிந்திருப்பது மட்டும் பண்பாகாது, அன்றாடம் அதன் வழி நடக்கவும் வேண்டும். கலாச்சாரம் என்ற சொல்லில் கலையும் ஆசாரமும் இருக்கின்றன, இந்த உழவு இல்லை. ஆகவே ஓர் அணியைப் பற்றி எழுதும்போது 'அணிப்பண்பாடு' என்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். தனியொரு வீரரின் நடத்தையைச் சுட்டும் இடத்தில் 'ஒழுகலாறு' என்று எழுதலாம். 'ரீபில்டிங்' என்பதற்கு 'அணி மறுகட்டுமானம்' போதும்.

கேள்வியின் மறுபாதியில் இன்னொரு சொல் ஒளிந்திருக்கிறது, அதை விளக்காமல் நகர முடியாது. அதுதான் 'டேங்கிங்'. நீர்த்தொட்டியைக் குறிக்கும் டேங்க் என்ற சொல்லே குஜராத்தி, மராத்தி மொழிகளின் நீர்த்தேக்கச் சொற்களிலிருந்தும், போர்ச்சுகீசிய 'தாங்க்கெ' வழியாகவும் ஆங்கிலத்துக்குச் சென்றது என்று ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. நம் ஏரிகளை வெள்ளையர் ஆவணங்கள் டேங்க் என்றே எழுதியதும் அந்த வழக்கில்தான். அமெரிக்காவில் அச்சொல் நீச்சல் குளத்துக்கும் ஆயிற்று. பணம் வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தரையில் விழும் குத்துச்சண்டைக்காரனைக் குளத்தில் குதித்துவிட்டான் என்று கேலி பேசிய வழக்கு, பின்பு டென்னிசுக்கும் கூடைப்பந்துக்கும் பரவியது. தமிழில் இதை 'விட்டுக்கொடுத்தல்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது நம்மிடம் நற்குணத்தின் பெயர், இந்தச் செயலுக்கு அதைச் சூட்டக் கூடாது. 'தோற்றுக்கொடுத்தல்' என்ற கூட்டுவினை நேராகப் பொருந்துகிறது. தோற்றல் ஒருவருக்கு நேர்வது. தோற்றுக்கொடுத்தல் ஒருவர் தெரிந்தே செய்வது.

ஒரு தொழில்முறை அணி ஏன் தோற்றுக்கொடுக்க வேண்டும்? கல்லூரியிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் புதுமுகங்களை முப்பது அணிகளும் ஆண்டுதோறும் முறைவைத்துத் தெரிவுசெய்கின்றன; கீழே முடித்த அணிக்கு முன்வாய்ப்பு. நலிந்தவர் எழவேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் செய்த இந்த ஏற்பாடு, மேலும் நலிவதற்கு ஆசை காட்டியது. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் வேண்டுமென்றே தோற்கிறது என்ற குற்றச்சாட்டு 1984இல் வலுத்தபின், 1985 முதல் முதலிடங்கள் குலுக்கலுக்கு விடப்பட்டன. 2019இல் அந்த வாய்ப்பை இன்னும் சமன்படுத்தி, கடைசி அணிக்கு இருந்த 25 விழுக்காட்டைக் கடைசி மூன்று அணிகளுக்கும் 14 விழுக்காடு என்று ஆக்கினார்கள். ஆயினும் ஆசை போகவில்லை. 2023 ஏப்ரலில் முக்கிய வீரர்களை உட்காரவைத்து ஓர் ஆட்டத்தை இழந்ததற்காக டல்லஸ் மேவரிக்ஸ் அணிக்கு 7,50,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது.

தோற்றுக்கொடுத்தலின் பெரும் உதாரணமாக எல்லோரும் காட்டுவது ஃபிலடெல்ஃபியா செவன்ட்டிசிக்ஸர்ஸ் அணியை. 2013இல் பொதுமேலாளரான சாம் ஹிங்கி, நடுத்தர நிலையில் தேங்கிக் கிடப்பதைவிட அடிக்குப் போய் உயர்ந்த வீரர்களைப் பெறுவதே மேல் என்று வெளிப்படையாகவே திட்டமிட்டார். முதல் பருவத்தில் 19 வெற்றி, அடுத்ததில் 18, மூன்றாவதில் 82 ஆட்டங்களில் 10. மூன்று பருவங்களின் மொத்தக் கணக்கு 47 வெற்றி, 199 தோல்வி. பயிற்றுநர் பிரெட் பிரவுன் பொறுமையோடு கற்பித்தார். களத்தில் இறங்கிய இளைஞர்கள் ஓடித்தான் ஆடினார்கள், ஏனெனில் தன் அடுத்த ஒப்பந்தம் ஆட்டத்தைப் பொறுத்தது என்று அறிந்த எந்த வீரரும் தானாகத் தோற்க விரும்புவதில்லை. தோற்றுக்கொடுத்தது நிர்வாகம். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு வீரர்களைப் பழிக்கிறவர்கள் அநியாயம் செய்கிறார்கள்.

அங்கே பண்பாட்டைத் தொட்ட இடம் எது என்றால், தோல்வி எண்ணிக்கையைவிட மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் விவகாரத்தையே நான் சுட்டுவேன். 2014இல் ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதைப் பெற்ற அவரை, அடுத்த ஆண்டு பிப்ரவரியிலேயே வருங்காலத் தெரிவுரிமைக்கு மாற்றாக வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த மாற்றம் கணக்குப்படி சரியாக இருந்திருக்கலாம். அவர் பின்னாளில் பெரிய ஆட்டக்காரராக வளரவும் இல்லை. ஆனால் உடைமாற்றும் அறையில் இருந்த இருபது வயது இளைஞன் அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வான்? நன்றாக ஆடினாலும் இங்கே நிலைக்க முடியாது, எல்லோரும் எதற்கோ கொடுக்கவேண்டிய விலைதான் என்பதை. அது யாரும் சொல்லாமலே அடியடுக்கில் போய் உட்கார்ந்துவிடுகிறது. முறை இன்னதென்று காட்டித் தர மூத்தவர்களும் அங்கே மிகக் குறைவு. அதை உணர்ந்துதான், 2015 டிசம்பரில் ஜெரி கொலாஞ்சலோ மேற்பார்வைக்கு வந்தபின், அடுத்த மாதமே 36 வயது எல்டன் பிராண்டை இளையவர்களுக்கு வழிகாட்ட அழைத்துவந்தார்கள். அத்தனை தோல்வி கொடுத்துப் பெற்ற முதல்நிலை வீரர்களுள் ஜோயல் எம்பீட் 2023இல் தொடரின் மிகச்சிறந்த வீரர் ஆனார். பென் சிம்மன்ஸ் 2021இல் அணிக்கு ஆட மறுத்து, 2022 பிப்ரவரியில் புரூக்ளினுக்கு மாற்றப்பட்டார். 2017-18இல் 52 ஆட்டங்களில் வென்று எழுந்த அந்த அணி, அதன்பின் ஒருமுறைகூட வெற்றிச்சுற்றின், அதாவது பருவ முடிவில் முன்னணி அணிகள் பட்டத்துக்கு மோதும் 'பிளே-ஆஃப்' சுற்றின், இரண்டாம் கட்டத்தைத் தாண்டவில்லை. அதற்குக் காயங்களும் காரணம். தொடக்க ஆண்டுகளின் குறையை மட்டும் பழிப்பது மிகையாகும்.

இதற்கு எதிரே நிற்பது ஓக்லஹோமா சிட்டி தண்டர். அதையும் தூய வெள்ளையாக வரைந்துவிடக் கூடாது. 2020-21 பருவத்தில் நலமாக இருந்த மூத்த வீரர் ஆல் ஹோர்ஃபோர்டை மார்ச் மாதத்தோடு ஆட்டத்திலிருந்து நிறுத்திவைத்தார்கள். அதுவும் தோற்றுக்கொடுத்தலின் ஓரத்தில் நிற்கும் செயலே. அந்தக் குறுகிய பருவத்தில் 22 வெற்றி, 50 தோல்வி. அடுத்த பருவத்தில் 24 வெற்றி, 58 தோல்வி. 2021 டிசம்பர் 2 அன்று மெம்ஃபிஸ் அணியிடம் 152-79 என்று 73 புள்ளி வேறுபாட்டில் தோற்றார்கள். என்பிஏ வரலாற்றில் அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. தோல்வியே பண்பாட்டைக் கொல்லும் என்பது உண்மையானால் அந்த அணி அன்றே செத்திருக்க வேண்டும். 2022-23இல் 40 வெற்றி, அடுத்து 57, 2024-25இல் 68 வெற்றியோடு வாகையர் பட்டம். பயிற்றுநர் மார்க் டேக்நால்ட் இடையில் மாற்றப்படவே இல்லை. இளையவர்களைப் பழக்கும் தங்கள் வளர்நிலை அணிக்கு முன்பு பயிற்றுநராக இருந்த அவரை 2020இல், 35 வயதில், துணைப் பயிற்றுநர் நிலையிலிருந்து உயர்த்தியிருந்தார்கள். அணி அடிமட்டத்தில் இருந்த 2021 ஆகஸ்டில் அதன் முதன்மை வீரர் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் ஐந்தாண்டு ஒப்பந்த நீட்டிப்பில் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்: இங்கே நான் விலைப்பொருள் அல்லன், என்னைச் சுற்றித்தான் கட்டுகிறார்கள் என்று நம்பியவரின் கையெழுத்து அது. தெரிவில் எடுக்கப்படாத லூ டோர்ட் அந்தத் தோல்விக் காலம் முழுவதும் அங்கேயே இருந்து வாகையராகவும் ஆனார். தோற்ற ஆண்டுகளின் பயனாக 2022 தெரிவில் இரண்டாம் இடத்தில் கிடைத்த செட் ஹோல்ம்கிரென் வந்து சேர்ந்தபோது, அவரை ஏற்று வளர்க்க ஒரு நடைமுறை அங்கே ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது.

'தொடிப்புழுதி கஃசா உணக்கின் பிடித்தெருவும் வேண்டாது சாலப் படும்' என்ற குறள் இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு பலம் (பழைய எடையளவு) புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் செழிக்கும் என்கிறது அது. காயும் அந்த மாதங்களில் வயலில் விளைச்சல் ஏதும் இல்லை. வரப்பிலிருந்து பார்ப்பவருக்கு உழுது காயும் நிலமும் கைவிட்ட கரம்பும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும். 24 வெற்றி பெற்ற தண்டரையும் 18 வெற்றி பெற்ற சிக்ஸர்சையும் புள்ளிப்பட்டியலில் மட்டும் பார்ப்பவருக்கும் அப்படியே.

டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி இன்னொரு செய்தியைச் சொல்கிறது. 2023-24இல் அது தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்று, 14 வெற்றியோடு பருவத்தை முடித்தது. இத்தனைக்கும் அந்த ஆண்டு அவர்கள் தோற்க விரும்பவில்லை. பெரும் ஊதியம் கொடுத்து மான்ட்டி வில்லியம்ஸைப் பயிற்றுநராக அமர்த்தியிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் பயிற்றுநராக வந்தார். டோபையஸ் ஹாரிஸ் போன்ற அனுபவசாலிகள் சேர்க்கப்பட்டார்கள். கேட் கன்னிங்காம் தலைமையில் அதே இளையவர்கள் 44 ஆட்டங்களில் வென்றார்கள். ஒரே கோடையில் இது நடந்தது என்றால், அந்த 68 தோல்விகள் வீரர்களின் உள்ளத்தை நிலையாகக் கெடுத்துவிடவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். இதற்கு மறுபக்கமாகச் சாக்ரமென்டோ கிங்ஸ், 2006-07 முதல் தொடர்ந்து பதினாறு பருவங்கள் வெற்றிச்சுற்றைக் காணாமல் இருந்தது. அங்கே பயிற்றுநரும் திட்டமும் மாறிக்கொண்டே இருந்ததால் அறிந்துகொள்ள ஒரு 'பாடு' நிலைத்திருக்கவே இல்லை. காலம் நீண்டால் தோல்வியும் பழக்கமாகிவிடும் என்ற அச்சத்துக்கு அந்த அணியைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு; அதை நான் முற்றும் மறுக்கவில்லை.

ஆகையால் சொல்லாட்சியில் ஒரு கவனம் வேண்டும். 'தொடர் தோல்வியால் அணிப்பண்பாடு சிதைந்தது' என்று எழுதுமுன், அங்கே நடந்தது தோற்றலா தோற்றுக்கொடுத்தலா என்பதை எழுதுகிறவர் பார்க்க வேண்டும். தோற்றல் என்றால் 'அணி நலிந்தது', 'அணி பின்தங்கியது' என்பவை போதும். பயிற்சிக்குத் தாமதமாக வருவது, காப்பாட்டத்தில் பின்னோக்கி ஓட மறுப்பது, தன் புள்ளிக்கணக்கை மட்டும் பார்ப்பது போன்றவை தெரிந்தால் 'ஒழுகலாறு குலைந்தது' என்று எழுதலாம். நிர்வாகமே ஆட்டங்களைக் கைவிட்டதும், அது வீரர்களுக்குத் தெரிந்திருந்ததும் உறுதியானால் மட்டுமே 'பண்பாடு சிதைந்தது' என்ற கனமான தொடருக்கு இடம் உண்டு.