பூட்டை மாற்றிவிட்டார்களா? அந்த வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு

அடி தாங்காமல் பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போய், நாலு நாள் கழித்துத் திரும்பினால் வாசலில் புதுப் பூட்டு. கேட்டால், “நீயாகத்தானே போனாய்? வீடு மாமனார் பேரில் இருக்கிறது” என்பார்கள். நான் துணைக்குப் போன ஒரு பெண், மடியில் பிள்ளையின் ஸ்கூல் பையை வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வாங்கிவந்த பதிலும் இதேதான். கூடவே, “புருஷன் வீடு எந்த ஊரோ அங்கே போய்க் கொடும்மா.”

இரண்டுமே தப்பு. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, வாழ்ந்த வீடு யார் பேரில் இருந்தாலும் அங்கே இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. மாமனார் வீட்டுக்கு இது பொருந்தாது என்ற 2006 தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2020 அக்டோபரில் மாற்றிவிட்டது, சேதி இன்னும் பல மேசைகளுக்குப் போய்ச் சேரவில்லை. மனுவையும் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே போடலாம்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) மட்டும் கொடுத்து, சமாதானம் பேசி அனுப்பினால் அதோடு விட்டுவிடாதீர்கள். கலெக்டர் ஆபீஸில் சமூகநலத் துறையின் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். அவர் லீவு, மீட்டிங், நடந்த வன்முறையைப் பற்றிக் கோர்ட்டுக்குத் தர வேண்டிய அறிக்கையை எழுதவில்லை என்று வாரக்கணக்கில் இழுத்தால் நேராகக் கோர்ட்டுக்குப் போய்விடுங்கள். அந்த அறிக்கை இல்லாமலும் உத்தரவு போடலாம் என்று 2022-லேயே தீர்ப்பு இருக்கிறது. கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம், வருமானச் சான்றிதழ் கேட்டு அலையவிட்டால் வேண்டியதில்லை என்று சொல்லுங்கள்.

மனுவில் பெரும்பாலும் ஜீவனாம்சம் மட்டும்தான் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் 19-வது பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள்: வீட்டுக்குள் விட வேண்டும், விற்கக் கூடாது, முடியாவிட்டால் அதே தரத்தில் வேறு வீடோ வாடகையோ தர வேண்டும். 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் சட்டப் புத்தகத்தில்தான், அதனால் 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள்.

அப்புறம், மாமனார் மாமியாரை வைத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து வெளியேற்றப் பார்ப்பார்கள். நோட்டீஸ் வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். மருமகளின் குடியிருப்பு உரிமையை அந்தச் சட்டத்தால் அப்படியே தட்டிவிட முடியாது என்ற 2020 டிசம்பர் தீர்ப்பைக் காட்டுங்கள்.

இன்று ராத்திரிக்கே தங்க இடம் வேண்டுமென்றால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பொதுவாக ஐந்து நாள்தான் தங்க முடியும், வளர்ந்த பையன் கூட வந்தால் சேர்ப்பார்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

கிளம்பும்போது நகையைவிட முதலில் எடுக்க வேண்டியது ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் புத்தகம். குறைந்தது போட்டோவாவது. அந்த முகவரியில் வாழ்ந்ததற்கு நாளைக்குக் கோர்ட்டில் காட்ட அதுதான் இருக்கும்.