டிபெண்டென்சி: சார்வதா, சாரப்படுவதா?

மென்பொருள் எழுதுவோர் நாள்தோறும் புழங்கும் 'டிபெண்டென்சி' என்னும் சொல், ஒரு நிரல் இயங்குவதற்குத் தேவைப்படும், பிறர் எழுதி வெளியிட்ட நிரல்பொதியைக் குறிக்கிறது. பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதிய நிரல் ஒன்றின் தலைப்பகுதியில் 'இம்போர்ட் ரிக்வெஸ்ட்ஸ்' என்று எழுதியிருந்தால், ரிக்வெஸ்ட்ஸ் என்னும் பொதி அந்நிரலின் டிபெண்டென்சி. அது கணினியில் இல்லையேல் நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும்.

சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. 'தே' என்றால் கீழ்நோக்கி, 'பெந்தேரே' என்றால் தொங்குதல். சங்கிலியில் கோத்து அணியும் பெண்டன்ட்டும் கடிகாரத்தில் ஆடும் பெண்டுலமும் இதே வேரிலிருந்து வந்தவை. ஆணியில் தொங்கும் பையை நினைத்துக்கொண்டால், தொங்குவது பை, தாங்குவது ஆணி. வேர்ப்பொருளின்படி டிபெண்டென்சி என்பது பையின் நிலையைத்தான் சுட்ட வேண்டும். மென்பொருள் துறையோ ஆணிக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டது. ஆங்கிலத்திலேயே திசை மாறிப்போன இச்சொல்லைத் தமிழாக்கும்போது இடறுவதில் வியப்பில்லை.

பெரும்பாலோர் இதற்குச் 'சார்பு' என்கிறார்கள். சார்தல் என்பதற்குச் சாய்தல், அண்டுதல், பற்றுதல் என்னும் பொருள்கள் உண்டு. இலக்கண மரபில் இச்சொல் பெரும்பாலும் தாங்குவதை விட்டுத் தாங்கப்படுவதையே குறிக்கிறது: குற்றியலுகரமும் ஆய்தமும் தனித்து நில்லாமல் பிற எழுத்துகளை அண்டி வருவதால் சார்பெழுத்துகள், முதல்நூல், வழிநூல் ஆகியவற்றைத் தழுவி எழுவது சார்புநூல். நிருவாகத் தமிழிலும் அப்படியே: சார்பு நீதிமன்றம், சார் ஆட்சியர், சார்பதிவாளர் என்பவை எல்லாம் மேலுள்ள ஒன்றன்கீழ் அமைந்தவை. இந்தப் பழக்கத்தோடு வரும் வாசகர், 'இந்நிரலின் சார்புகள்' என்று படித்தால், நிரலை நம்பியிருக்கும் வேறு நிரல்களைத்தான் நினைப்பார்.

ஆயினும் சார்புக்கு மறுதிசைப் பொருளும் தமிழில் உண்டு என்பதற்குத் திருக்குறளே சான்று. மெய்யுணர்தல் அதிகாரத்தில் 'சார்புணர்ந்து சார்பு கெடஒழுகின்' என்று தொடங்கும் 359-ஆம் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், முதலில் வரும் சார்பை எல்லாப் பொருளுக்கும் பற்றுக்கோடாகிய செம்பொருள் என்றும், அடுத்து வருவதை நாம் கொள்ளும் பற்று என்றும் பிரிக்கிறார். ஒரே அடியில் தாங்குவதும் சார்பு, தாங்கப்படுவது கொள்ளும் பற்றும் சார்பு. எனவே சொல் தவறன்று. தனியே நிற்கும்போது திசை காட்டவில்லை என்பதுதான் குறை. கணிதப் பாடநூல்களில் 'ஃபங்ஷன்' என்பதற்கும் சார்பு என்றே வழங்குவது இன்னொரு சிக்கல். ஆகவே உறவைச் சொல்லச் 'சார்பு' என்றும், தாங்கும் பொருளைச் சொல்லச் 'சார்புப்பொதி' என்றும் பிரித்து வழங்குவதே என் விருப்பம். கொடி பற்றி ஏறும் 'கொழுகொம்பு' இன்னும் அழகாகப் பொருந்தும். ஆனால் நிரலர் யாரும் அதை ஏற்பார்கள் என்று தோன்றவில்லை.

சார்புப்பொதிக்கும் சார்புப்பொதிகள் உண்டு. ரிக்வெஸ்ட்ஸை நிறுவினால், கேளாமலே யூஆர்எல்லிப்3, செர்ட்டிஃபை முதலிய நான்கு பொதிகள் உடன்வரும். இவற்றை 'வழிச்சார்பு' எனலாம். வழிநூல் என்னும் சொல் இதற்கு வழிகாட்டுகிறது. நிறுவிய பொதிகளைப் பட்டியலிடும் 'பிப் ஃப்ரீஸ்' என்னும் கட்டளை ஐந்தையும் ஒரே பட்டியலில் வேறுபாடின்றி அடுக்கிவிடுவதால், எது நாம் கேட்டது, எது உடன்வந்தது என்பது ஓராண்டு கழித்து எழுதியவருக்கே புலப்படாது.

இவற்றோடு இணைந்தே வருவது 'விர்ச்சுவல் என்விரான்மென்ட்'. ஒரு திட்டம் ஜாங்கோ என்னும் பொதியின் 2.2 பதிப்பைக் கேட்க, மற்றொன்று அதன் 5.0 பதிப்பைக் கேட்டால், ஒரே இடத்தில் இரண்டையும் வைக்கப் பைத்தான் இடம்தராது. ஆகவே திட்டந்தோறும் பொதிகளுக்குத் தனிக் கோப்புறை அமைக்கிறோம். 2012-இல் வெளிவந்த பைத்தான் 3.3 முதல் இவ்வசதி மொழியோடு சேர்ந்தே வருகிறது. இதை 'மெய்நிகர் சூழல்' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்த்ததே தவிரப் பொருளுக்குப் பொருந்தாது, ஏனெனில் கணினியின் நிலைவட்டில் கண்ணால் காணக்கூடிய உண்மையான கோப்புறை அது. 'தனிமைப்படுத்திய சூழல்' என்றால் 2020-க்குப் பின் மருத்துவமனை வாடை வீசுகிறது. 'தனிச்சூழல்' போதும். என்விரான்மென்ட்டின் வேரான பிரெஞ்சுச் சொல்லும் சுற்றியிருத்தலையே குறிப்பதால், சூழ்தலிலிருந்து பிறந்த 'சூழல்' அதற்கு வேரளவிலேயே ஒத்த சொல்.

ஏற்கெனவே எழுதி முடித்த பழைய திட்டத்துக்குச் சார்புப்பொதிப் பட்டியலையும் தனிச்சூழலையும் கருவியே செய்து தருவதைத் 'தன்னியக்கச் சார்பு மேலாண்மை' எனலாம்; தானியங்கி என்பது கருவி, தன்னியக்கம் என்பது அது செய்யும் செயல். பிப்ரெக்ஸ் போன்ற கருவி கோப்புகளின் இம்போர்ட் வரிகளைத் திரட்டி, மொழியோடு வரும் கூறுகளைக் கழித்து, எஞ்சியவற்றுக்குப் பொதிப்பெயர் தேடுகிறது. இங்கேதான் வேலை கடினமாகிறது. நிரலில் 'யாமல்' என்றிருந்தால் நிறுவ வேண்டியது பையாமல். 'பிஐஎல்' என்றிருந்தால் பில்லோ. 'சிவி2' என்றிருந்தால் ஓப்பன்சிவி-பைத்தான். எழுத்தளவில் உறவே தெரியாத இவ்விணைகளைக் கருவி ஒரு பெயர்ப்பட்டியலைக் கொண்டே அறிகிறது. பட்டியலில் இல்லாத பெயரை அப்படியே பொதிக் களஞ்சியத்தில் தேடினால், அதே பெயரில் முன்பின் அறியாத ஒருவர் ஏற்றிவைத்த பொதி அகப்படலாம்.

பெயர் சரியாக அமைந்தாலும் பதிப்பெண் தெரியாது. 2024-இல் வெளிவந்த யூவி என்னும் கருவியில், குறித்த நாளுக்குப் பின் வெளியான பொதிகளை ஒதுக்கச் சொல்ல ஒரு விருப்பத்தேர்வு உண்டு. திட்டத்தைக் கடைசியாகத் திருத்திய நாளை அங்கே கொடுத்தால், அன்றைக்குக் கிடைத்த பதிப்புகளிலிருந்தே அது தேர்ந்தெடுத்து, முடிவைப் பூட்டுக் கோப்பில், அதாவது தேர்ந்த பதிப்பெண்களை மாறாமல் குறித்துவைக்கும் கோப்பில், எழுதிவைக்கிறது. அக்கோப்பில் எந்தச் சார்புப்பொதி எவற்றைச் சார்ந்தது என்பதும் பொதிவாரியாகப் பதிவாகிறது. பிப் ஃப்ரீஸ் தொலைத்துவிட்ட திசை அங்கே திரும்பக் கிடைக்கிறது.