கீழ்ப் பீமை ஏற்றி மாட்டினால் என்ன?

ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு உரம் அனுப்பும் ஸ்டோர் ஒன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணே, புது ரேக் மாட்டிக்கிட்டு இருக்காங்க. கீழே ஒரு பெரிய மருந்துத் தொட்டி வைக்கணும், உயரம் பத்தல. கீழ்ப் பீமை மட்டும் கழட்டி ஒரு மீட்டர் மேலே மாட்டிட்டா என்ன? எடை ஒன்னும் கூடலையே?"

ரேக் என்பது செங்குத்தான தூண்களில் பீம் எனும் கிடையான இரும்புக் கட்டைகளைக் கொக்கியால் மாட்டி, அவற்றின் மேல் சரக்கு வைக்கும் அடுக்கு. எடை கூடவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் தூண் வலுவிழந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் கணக்கு. உர மூட்டை 50 கிலோ. மூட்டை அடுக்கும் பலகையான பேலட் ஒன்றில் 24 மூட்டை என்றால் 1,200 கிலோ. ஒரு தட்டுக்கு இரண்டு பேலட், மூன்று தட்டு என்று வைத்தால் 7,200 கிலோ. வரிசையின் நடுவில் நிற்கும் ஒவ்வொரு சட்டமும் இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதி வாங்குவதால் மொத்தத்தில் ஒரு கட்டத்தின் (இரண்டு சட்டங்களுக்கு இடைப்பட்ட பகுதியின்) எடை அதன் மேல் வரும். சட்டத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு தூண்கள். ஆக ஒரு தூணுக்கு 3,600 கிலோ.

அந்தத் தூணோ சுமார் 2 மில்லிமீட்டர் தகட்டை மடித்துச் செய்தது, உடம்பெல்லாம் பீம் மாட்டும் ஓட்டை. ஓட்டைகளைக் கழித்து 5 சதுர சென்டிமீட்டர் இரும்பு மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண இரும்பானாலும் அது நசுங்குவதற்குப் பத்து டன்னுக்கு மேல் வேண்டும். அப்புறம் எப்படி ரேக் சரிகிறது? நசுங்குவதற்கு வெகு முன்பே தூண் பக்கவாட்டில் வளைந்து சுமையின் அடியிலிருந்து விலகிக்கொள்கிறது.

வீட்டிலேயே செய்து பாருங்கள். சமையலறைத் தராசின் மேல் 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் அடிக்கோலைச் செங்குத்தாக நிறுத்தி, உச்சியை உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். எங்கள் வீட்டு அடிக்கோல் அரைக் கிலோ வரை நேராக நின்றது. பிறகு வில்லாக வளைந்தது. வளைந்த பிறகு இன்னும் அழுத்தினேன், தராசின் எண் ஏறவே இல்லை. வளைவு மட்டும் கூடிக்கொண்டே போனது. அதற்கு மேல் தாங்க அதனிடம் ஒன்றுமில்லை. என் கையை நான் எடுத்துக்கொள்ளலாம். ரேக்கின் மேல் இருக்கும் உர மூட்டை தன்னை எடுத்துக்கொள்ளாது. அதனால்தான் ரேக் விழும்போது நமக்கு ஓட நேரம் கிடைப்பதில்லை.

அடுத்து என் மகளை அழைத்து, அடிக்கோலின் நடுவை இரண்டு விரலால் சும்மா பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மறுபடியும் அழுத்தினால் தராசு இரண்டு கிலோவைத் தொட்டது! இந்த முறை ஒரே வில்லாக வளையாமல், மேல் பாதி ஒரு பக்கமும் கீழ்ப் பாதி மறுபக்கமுமாகப் பாம்பு போல் நெளிந்தது. விரலில் பாரம் தெரிந்ததா என்று கேட்டேன். "ஒன்னுமே தெரியலப்பா" என்றாள். எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. எடையைத் தாங்காத விரல், வெறுமனே விலகவிடாமல் பிடித்ததால், தாங்கும் சக்தியை நான்கு மடங்காக்கிவிட்டது.

இந்த நான்கு மடங்கைக் கணக்கில் கண்டவர் 1707இல் பாசெல் நகரில் பிறந்த லெயோனார்ட் ஆய்லர். 1744லேயே எழுதிவிட்டார். பிடிப்பில்லாத நீளம் இரட்டிப்பானால், வளையத் தொடங்கும் சுமை நான்கில் ஒன்றாகிறது. நீளம் மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. பிற்காலத்தில் கண் பார்வை ஏறக்குறைய முழுவதும் போன பிறகும் அந்த மனிதர் கணக்கை விடவில்லை.

இப்போது தம்பியின் ரேக்குக்கு வருவோம். பீம் என்பது மூட்டையைத் தாங்கும் கட்டை மட்டுமல்ல. என் மகளின் விரல் செய்ததையும் அது செய்கிறது, தூணை அந்த இடத்தில் விலகாமல் பிடிக்கிறது. கீழ்ப் பீமை ஏற்றினால் தரைக்கும் முதல் பிடிப்புக்கும் இடையே உள்ள கால் நீண்டுவிடும். மேலே உள்ள எல்லாத் தட்டுகளின் எடையும் சேர்ந்து இறங்குவது அந்தக் காலில்தான். ரேக் முழுவதிலும் நீட்டவே கூடாத துண்டு அது. நிஜத் தூணில் சரியாக நான்கில் ஒன்று என்று வராது. பீம் கொக்கிகள் கொஞ்சம் அசையும், மெல்லிய தகட்டின் விளிம்பு முதலிலேயே சுருங்கலாம், ஆழவாக்கில், அதாவது முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே, குறுக்குக் கம்பிகளும் பிடித்திருக்கும். ஆகவே கீழ்ப் பீம் எந்த உயரத்தில் இருந்தால் எவ்வளவு ஏற்றலாம் என்று தயாரிப்பாளர் அட்டவணை கொடுப்பார். அதைப் பார்க்காமல் ஒரு ஓட்டை கூட மாற்றக் கூடாது.

ஃபோர்க்லிஃப்ட் இடித்த தூணிலும் இதே கதைதான். வளைய வைக்கும் சுமையில் பாதியை ஏற்றினால், ஏற்கெனவே இருக்கும் வளைவு இரண்டு மடங்காகும். ஐந்தில் நான்கு பங்கை ஏற்றினால் ஐந்து மடங்காகும். வெறும் ரேக்கில் 5 மில்லிமீட்டராகத் தெரிந்த வளைவு 25 ஆகிவிடும். ஐரோப்பிய விதியில் ஒரு மீட்டர் நீள நேர்க்கோலைத் தூணோடு ஒட்டிவைத்து இடைவெளியை அளக்கச் சொல்கிறார்கள். பீம் ஓடும் திசையில் 5 மில்லிமீட்டர், ஆழவாக்கில் 3 மில்லிமீட்டர், குறுக்குக் கம்பியில் 10 மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம். இந்த அளவுகளின் இரண்டு மடங்கைத் தொட்டுவிட்டால் உடனே சரக்கை இறக்க வேண்டும். சுத்தியலால் தட்டி நேராக்கிப் பெயின்ட் அடிப்பதைப் பல ஸ்டோர்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும்.

மாட்டும்போதே தூண் சாய்ந்திருந்தால்? எங்கள் வட்டாரத்தில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. தெலுக் இந்தானில் 1885இல் கட்டிய 25.5 மீட்டர் கோபுரம் இன்றும் சாய்ந்தபடிதான் நிற்கிறது. மெத்தென்ற மண், உள்ளே தண்ணீர்த் தொட்டியின் பாரம். ரேக்குக்கு அமெரிக்க விதி, பத்து அடிக்கு அரை அங்குலத்துக்கு மேல் சாயக்கூடாது என்கிறது. அது 240இல் ஒரு பங்கு. அவ்வளவு சாய்விலேயே பத்து டன் சுமை, நாற்பது கிலோவுக்கு மேல் இடைவிடாமல் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் சரக்கு ஏற்றும் முன்பே ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துப் பார்த்துவிட வேண்டும். தரை பள்ளமாக இருந்தால் அடித்தகட்டின் கீழ் இரும்புத் தகடு செருக வேண்டும். பலகைத் துண்டு நம் ஊர் ஈரத்துக்கு ஒரு மழைக்காலம் தாங்காது.

தூணைத் தரையோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட்டுக்குத் துளை போட்டதும் உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுத்துவிடுங்கள். போல்ட் விரிந்து துளையின் கான்கிரீட் சுவரை உராய்வால்தான் பிடிக்கிறது. தூள் இருந்தால் பிடிமானம் தூளோடுதான். பீமின் இரு முனையிலும் லாக் பின் கட்டாயம். ஃபோர்க்லிஃப்ட் முள் கீழிருந்து தூக்கிவிட்டாலும் கொக்கி கழலாமல் இருக்கவே அது. சுமார் 450 கிலோ மேல்நோக்கு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. அதற்குப் பதிலாக ஆணி செருகியிருப்பதைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புது ஸ்டோர் என்றால் பூசை போட்டு, தேங்காய் உடைத்து, முதல் தூணில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுகிறோம். அந்த நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. நான் போய்ப் பார்த்த ஓரிடத்தில், ஒரு தட்டுக்கு எத்தனை கிலோ என்று எழுதிய பலகையின் மேலேயே சாமி படத்தை மாட்டியிருந்தார்கள். படத்தைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றச் சொன்னேன். வயதில் மூத்த கிராணி ஒருவர் தாமே கழற்றி மாட்டினார். அதே போல, நம் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் விழாக்களில் எரிமலை மாதிரி செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு தராசும் ஒரு அடிக்கோலும் கொடுங்கள் என்று எந்த ஆசிரியரைப் பார்த்தாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்களில் பலர் நாளை ஸ்டோரிலும் ஆலையிலும் நிற்கப்போகிறவர்கள்.

தம்பி அட்டவணையைக் கேட்டு வாங்கிவிட்டார். கீழ்ப் பீமை அந்த உயரத்தில் வைத்தால் மூன்று தட்டுக்கு அனுமதி இல்லை, இரண்டுதான். முதலாளியிடம் காட்டினாராம். இப்போது ரேக் பழைய உயரத்திலேயே நிற்கிறது, தொட்டி பின்பக்கக் கொட்டகைக்குப் போய்விட்டது.