வாடிக்கையாளருக்குக் கேட்கத் தெரியாததை வடிவமைப்பாளரே சொல்ல வேண்டும்

மட்டக்களப்பிலும் அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களிலும் இணையத்தளம் வடிவமைக்கும் தொழிலுக்கு இளையோர் பலர் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய கைத்திறனில் நான் குறை காணவில்லை. ஆனால் வடிவமைப்பாளருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே எழும் மனக்கசப்புகளில், வேலை மோசமாக இருந்ததால் வந்தவற்றை விட, முதல் நாளே பேசியிருக்க வேண்டிய ஒன்றைப் பேசாமல் விட்டதால் வந்தவையே அதிகம் என்பதை இத்தொழிலில் இருந்துகொண்டு பார்த்து வருகிறேன். வீடு கட்டுகிறவர் வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் எத்தனை அறை வேண்டும், குசினி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று மேசனிடம் சொல்ல அவருக்குத் தெரியும். முதன்முறையாக இணையத்தளம் செய்விக்க வரும் கடைக்காரருக்கு அப்படியான பழக்கம் எதுவும் கிடையாது. தளத்தின் இணைய முகவரிப் பெயரான டொமைன் யாருடைய பெயரில் பதிவாகிறது, ஆண்டுதோறும் என்ன செலவு வரும், எழுத்தையும் படத்தையும் யார் தர வேண்டும் என்பவையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை என்பதே அவருக்குத் தெரியாது. ஆகவே கேட்கும் கடமையும் சொல்லும் கடமையும் விவரம் தெரிந்த நம்முடையவை.

முதற் சந்திப்பில் நிறத்தையும் அலங்காரத்தையும் பற்றிப் பேசத் தொடங்குவதை நான் விரும்புவதில்லை. மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் நெய்து விற்கும் ஒருவர் வந்து, கொழும்பிலுள்ள பெரிய துணிக்கடை ஒன்றின் தளத்தைக் கைபேசியில் காட்டி, “தம்பி, இதைப் போலவே வடிவா ஒன்று செய்து தாங்க” என்று கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்து அப்படியே செய்து கொடுத்தால் அவர் கேட்டதைக் கொடுத்தவர்கள் ஆவோம். அவருக்குத் தேவையானதைக் கொடுத்தவர்கள் ஆகமாட்டோம். அவரிடம் சாரம் வாங்குகிறவர்கள் யார், மொத்தமாக எடுக்கும் வெளியூர்க் கடைக்காரர்களா, வளைகுடா நாடுகளில் இருக்கும் உறவினர்களா, ஒன்றிரண்டாக வாங்கும் குடும்பங்களா என்று கேட்க வேண்டும். அவர்கள் இப்போது எப்படி விலை கேட்கிறார்கள், பணம் எப்படி வருகிறது, பொதியை யார் அனுப்புகிறார்கள், ஒரே நிறத்தில் எத்தனை சாரம் கையிருப்பில் இருக்கும் என்றும் கேட்க வேண்டும். தறியில் நெய்யும் பொருள் ஒவ்வொரு தொகுதியிலும் சற்று மாறுபடும் என்றால், ஆயிரம் பொருள்களை அடுக்கிக் காட்டும் பெரிய கடையின் அமைப்பு அவருக்குப் பொருந்தாது. இருப்பதைப் படமெடுத்துப் போட்டு வட்ஸ்அப்பில் விலை பேச வழிசெய்யும் சிறிய தளமே அவருக்கு உழைக்கும். அந்தப் பெரிய கடையின் தளத்தில் அவருக்குப் பிடித்தது எது என்றும் தவறாமல் கேளுங்கள். பெரும்பாலும் அது படங்களின் தெளிவாகத்தான் இருக்கும்.

அறுகம்பையில் விருந்தினர் விடுதி நடத்துகிறவரின் நிலை வேறு. அங்கே அலைச்சறுக்குக்கு வருகிறவர்களின் பருவம் ஏறத்தாழ சித்திரை பிறந்த பின் தொடங்கிப் புரட்டாசி அளவில் ஓய்கிறது. அவருடைய விருந்தினர் பெரும்பாலும் வெளிநாட்டவர் என்பதால் ஆங்கிலம் முதலில் வர வேண்டும். உள்நாட்டு விடுமுறைப் பயணிகளும் வருவார்கள் என்றால் சிங்களமும் தேவைப்படலாம். மூன்று மொழியில் தளம் வேண்டும் என்று ஆசையோடு சொல்கிறவரிடம், அந்த மூன்று மொழியிலும் யார் எழுதித் தருவார்கள், அடுத்த ஆண்டு அறை வாடகை மாறும்போது மூன்றிலும் யார் திருத்துவார்கள் என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். முன்பதிவுப் படிவத்தில் கடவுச்சீட்டு இலக்கம் வரை கேட்க வேண்டும் என்று அவர் சொன்னால், தேவையில்லாத தனிப்பட்ட விவரங்களைச் சேர்த்து வைப்பது அவருக்கே சுமை என்பதையும், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என ஒன்று இந்நாட்டில் இயற்றப்பட்டிருப்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இறுதி முடிவு யாருடையது என்பதை அறியாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. நம் பகுதியில் கடை தகப்பனுடையதாக இருக்கும். நம்மோடு பேசுகிறவர் மருமகனாக இருப்பார். பணம் அனுப்புகிறவர் கட்டாரிலோ லண்டனிலோ இருக்கும் மூத்த மகனாக இருப்பார். வேலை முடியும் தறுவாயில் அந்த மூத்த மகன் முதன்முறையாகத் தளத்தைப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால், அது அவருடைய பிழையன்று. தொடக்கத்திலேயே அவரையும் அழைப்பில் சேர்த்துப் பேசியிருக்க வேண்டும். கோயில் நிருவாக சபை, பள்ளிவாசல் நிருவாகம், பழைய மாணவர் சங்கம் ஆகியவற்றுக்கு வேலை செய்யும்போது, சபையின் சார்பில் பேச ஒருவரை நியமித்துத் தரும்படி மரியாதையோடு கேட்டுப் பெறுவது எல்லோருக்கும் நல்லது.

அடுத்து எழுத்தும் படமும். தளங்கள் தாமதமாவதற்கு இவற்றை விடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. அச்சகத்தில் துண்டுப்பிரசுரம் அடித்த பழக்கத்தில் பலர் தமிழ் உள்ளடக்கத்தைப் பாமினி எழுத்துருவில் தருகிறார்கள். அந்த எழுத்துரு தமிழைத் தமிழாகச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டுகிறது. ஆகவே அதை அப்படியே தளத்தில் இட்டால் பார்ப்பவருக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும். கூகுளில் தமிழில் தேடுகிறவருக்கும் அந்தப் பக்கம் அகப்படாது. தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றித்தான் இட வேண்டும். மாற்றும்போது சில எழுத்துகள் பிறழக்கூடும் என்பதால் மாற்றிய பின் வாடிக்கையாளரே ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். இதை “எழுத்துருப் பிரச்சினை” என்று இரண்டு சொல்லில் முடித்துவிடாமல், அவருடைய கைபேசியிலேயே இரண்டையும் பக்கத்துப் பக்கம் காட்டினால் ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொள்வார். படங்களும் அவ்வாறே. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் புகைப்படம் சுருக்கப்பட்டுத் தரம் குறைந்து வருகிறது. அதையே ஆவணமாக அனுப்பினால் மூலப்படம் குறையாமல் வந்து சேரும். இணையத்தில் கண்ட பாசிக்குடாப் படத்தை எடுத்துப் போடச் சொல்கிறவரிடம், அந்தப் படத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மாதிரியைக் காட்டும் நாளில் நம் ஊர் மனிதர்களின் நல்ல குணம் ஒன்று நமக்குத் தடையாக வருகிறது. முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை என்று சொல்லப் பலரும் கூச்சப்படுவார்கள். “ஓம் தம்பி, நல்லா இருக்கு, நீங்க பார்த்துச் செய்யுங்க” என்ற பதிலை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு மேலே போகக் கூடாது. நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, அவருடைய கைபேசியை அவர் கையிலேயே கொடுத்து, “உங்களிடம் அறை கேட்கிறவர் இதில் வாடகையை எங்கே தேடுவார், காட்டுங்க” என்று கேளுங்கள். அவர் விரல் தடுமாறும் இடம் நாம் திருத்த வேண்டிய இடம். மடிக்கணினியின் பெரிய திரையில் மட்டும் காட்டி ஒப்புதல் பெறுவது போதாது, ஏனெனில் தளத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கைபேசியில், சில வேளை நல்ல வெயிலில் நின்று பார்ப்பவர்கள். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்தை அவர் விரும்பினால், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் வேண்டும் என, பார்வை குறைந்தவர் உட்பட எல்லோரும் தளத்தைப் பயன்படுத்துவதற்கான அணுகல்தன்மை வழிகாட்டல்கள் சொல்வதை விளக்குவதோடு, கடை வாசலுக்கு அழைத்துப் போய் வெயிலில் வாசிக்கச் சொல்வதும் பயன்தரும். முகப்பில் பெரிய காணொளி கேட்கிறவருக்கும் இதுவே வழி: அவருடைய சொந்த டேட்டாவில் அது திறக்கும் வரை அவரைக் காத்திருக்கச் செய்யுங்கள்.

டொமைன் பற்றிய பேச்சை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வேலை சுலபம் என்பதற்காக வடிவமைப்பாளர் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் டொமைனைப் பதிவது பரவலாக நடக்கிறது, அது முறையன்று. பதிவில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரே அதன் உரிமையாளராகக் கொள்ளப்படுவார். வடிவமைப்பாளர் வெளிநாடு போய்விட்டால், அல்லது இருவருக்கும் இடையே பேச்சு நின்றுவிட்டால், கடையின் பெயர்ப்பலகை வேறொருவர் கையில் சிக்கிக்கொள்ளும். வாடிக்கையாளரின் பெயரில், அவர் நாள்தோறும் பார்க்கும் மின்னஞ்சலில் பதிந்து, கடவுச்சொல்லை அவரிடமே ஒப்படைக்க வேண்டும். புதுப்பிக்கத் தவறிய டாட் கொம் பெயர் நீக்கப்பட்ட பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு என்றாலும், அக்காலத்தில் மீட்பதற்குக் கட்டணம் பல மடங்காகும். அதுவும் தவறினால் எவரும் அந்தப் பெயரை வாங்கிவிடலாம் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

செலவைப் பேசும்போது எது ரூபாயில், எது டொலரில் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியது. தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் வெளிநாட்டு ஹோஸ்டிங் சேவைக்கான புதுப்பிப்புத் தொகையை ரூபாயில் மட்டும் சொல்லி வைத்தால், நாணய மதிப்பு இப்படி மாறும்போது கூடிய தொகை முழுவதையும் வடிவமைப்பாளர் தானே எடுத்துக்கொண்டதாக வாடிக்கையாளர் எண்ணுவார். அப்படி எண்ணுவதில் நியாயமும் இருக்கிறது, ஏனெனில் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பேசியவற்றை அன்று மாலையே சுருக்கமாக எழுதி அனுப்பி, “இப்படித்தானே பேசினோம்” என்று கேட்டுப் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தின் சட்ட ஏற்பு மறுக்கப்படுவதில்லை. ஆனால் எழுதி வைப்பது வழக்குக்காக அன்று. எத்தனை பக்கங்கள், எத்தனை முறை திருத்தம், அதற்கு மேல் திருத்தினால் என்ன கட்டணம், முற்பணம் எவ்வளவு என்பவை எழுத்தில் இருந்தால், தெரிந்த மனிதரிடம் காசைப் பற்றிப் பேசும் சங்கடம் இரு பக்கத்துக்கும் குறைகிறது.

காலக்கெடுவைக் குறிக்கும்போது அவருடைய நாட்காட்டியைப் பாருங்கள். பெரும்போக அறுவடைக் காலத்தில் சம்மாந்துறை அரிசி ஆலைக்காரரிடமும், நோன்பின் கடைசிப் பத்தில் காத்தான்குடித் துணிக்கடைக்காரரிடமும், வைகாசிக் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும் ஊரில் கோயில் நிருவாகத்தினரிடமும் ஒப்புதல் கேட்டுத் தொல்லை கொடுக்கக் கூடாது. நம் பக்கத்தில் தாமதம் ஏற்படும் என்று தெரிந்தால், அவர் அழைத்துக் கேட்கும் வரை காத்திராமல் முதலில் நாமே அழைத்துச் சொல்ல வேண்டும்.

தளத்தை ஒப்படைக்கும் நாளில் விலையை மாற்றுவது, படத்தைச் சேர்ப்பது ஆகிய இரண்டையும் அவரோ அவர் பிள்ளைகளில் ஒருவரோ நம் முன்னால் ஒருமுறை செய்து பார்க்கட்டும். அந்தச் செய்முறையைத் தமிழில் பேசிப் பதிந்த சிறிய காணொளியாகவும் கொடுத்துவிடுங்கள். எதுவரை இலவசமாகத் திருத்தித் தருவோம், எதற்குக் கட்டணம் உண்டு, இரவில் தளம் நின்றுவிட்டால் எந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்பவற்றை ஒரே தாளில் எழுதிக் கடவுச்சொற்களோடு சேர்த்துக் கையில் கொடுங்கள். முதலாவது புதுப்பிப்புத் திகதியையும் அதிலேயே பெரிதாக எழுதி, அதற்கு ஒரு மாதம் முன்பு நினைவூட்டுவதாகவும் சொல்லி, அந்தத் திகதியை உங்கள் கைபேசியிலும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.