முளை எங்கே அடிப்பது?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: கபடி ஆடும் 17 வயது மகளுக்கு முட்டிச் சில்லு மூன்று முறை வெளிப்பக்கம் விலகிவிட்டது; தொடையிலிருந்து நரம்பை எடுத்து முட்டியில் வைக்க வேண்டும் என்கிறார்கள், கால் பலம் போய்விடாதா?

எடுப்பது நரம்பல்ல, தசைநாண். தொடையின் உட்புறமுள்ள கிராசிலிஸ் என்ற மெல்லிய தசையுடையது. முட்டியை மடக்க வேறு தசைகளும் இருப்பதால் ஓட்டத்தில் பெரிய குறை தெரியாது.

தொடை எலும்பின் கீழ்முனையில், முன்பக்கம் ஒரு பள்ளம் உண்டு. காலை மடக்க மடக்கச் சில்லு அதற்குள் இறங்கும். இறங்கியபின் எலும்பே காவல். நீட்டிய காலில் அந்தக் காவல் இல்லை. முதல் 20–30 டிகிரி மடங்கும்வரை சில்லை உள்பக்கம் பிடித்திருப்பது எம்.பி.எஃப்.எல். என்ற, ஏறக்குறைய 5.5 செ.மீ. நீளச் சவ்வு. ரைடு போனவர் பாதத்தை ஊன்றியபடியே உடம்பைத் திருப்பும்போது கிழிவது இதுதான். முதல் முறை என்றால், குருத்தெலும்புத் துண்டு உடைந்து கிடக்காதவரை, பெரும்பாலும் பிசியோதெரபி போதும். திரும்பத் திரும்ப விலகினால்தான் அந்தத் தசைநாணால் புதுச் சவ்வு.

மாட்டை முளையில் கட்டும் கயிறு மாட்டை இழுப்பதில்லை. வரப்பைத் தாண்டப் போனால் மட்டும் தடுக்கும். புதுச் சவ்வும் அப்படியே இருக்க வேண்டும். 2 நியூட்டன், அதாவது 200 கிராம் எடையைத் தொங்கவிட்டால் வரும் இழுவிசையே போதும். 'கெட்டியா இருக்கட்டும்' என்று இறுக்கினால் சில்லு உள்பக்கம் அழுந்திக் குருத்தெலும்பு தேயும்.

முளையடிக்கும் இடம், அதாவது புதுச் சவ்வைத் தொடை எலும்பில் பொருத்தும் புள்ளி, அதைவிட நுட்பமானது. 2007-இல் ஷோட்டில் என்ற மருத்துவரின் குழு அதற்கு அளவு சொன்னது: பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் பின்விளிம்பைக் கீழே நீட்டி ஒரு கோடு போட்டால், அதற்கு 1 மி.மீ. முன்னால், அந்த எலும்பின் கீழ்முனையிலுள்ள இரு குமிழ்களில் உட்பக்கக் குமிழின் பின்வளைவு தொடங்கும் மட்டத்துக்கு 2.5 மி.மீ. கீழே. படத்தில் இரு குமிழ்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தியிருக்க வேண்டும். கால் கொஞ்சம் திரும்பியிருந்தாலே புள்ளி இடம் மாறிவிடும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சித் தட்டு இதையொட்டியே இருப்பதால் அதைத் தொடாமல் துளையிட வேண்டும்.

துளைக்கு முன்னால் செய்யும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. புள்ளியில் ஒரு கம்பியைக் குத்தி, சில்லிலிருந்து வரும் நூலை அதில் சுற்றி, முட்டியை மடக்கி நீட்டிப் பார்ப்பார்கள். மடக்கும்போது நூல் இறுகினால் கம்பி மேலே ஏறிவிட்டது என்று பொருள். தளர்ந்தால் நல்லது, அங்கே எலும்பு பார்த்துக்கொள்ளும். சவ்வின் மறுமுனையைப் பிடிக்க, சில்லின் மேல்பாதி உள்விளிம்பில் இரண்டு சிறு ஆங்கர்கள், அதாவது எலும்பில் பதிக்கும் பிடிப்பான்கள். அங்கே பெரிய துளை போட்டால் சில்லே பிளக்கலாம்.

பள்ளமே ஆழமில்லாவிட்டாலும், சில்லைக் கீழே இழுக்கும், கீழ்க்கால் எலும்பின் முடிச்சு சி.டி. அளவில் பள்ளத்திலிருந்து 20 மி.மீ.க்கு மேல் வெளியே தள்ளியிருந்தாலும், சவ்வு மட்டும் தாங்காது. எலும்பையும் திருத்த வேண்டியிருக்கும். முட்டைப் பத்துப் போட்டு இறுக்கிக் கட்டுவது இதில் எதையும் மாற்றாது. தொடைத் தசை வற்றுவதுதான் மிச்சம். ஊர்ப் போட்டிகளில் கோப்பைக்கும் பந்தலுக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கைப் பிசியோதெரபிஸ்டுக்கு ஒதுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

ஆபரேஷனுக்குப் பின் ஆறு வாரத்துக்குள் முட்டி 90 டிகிரி மடங்க வேண்டும். கபடிக்கு ஆறு மாதமாவது ஆகும், அதுவும் இரு தொடைகளின் பலமும் சமமான பிறகே. மாதங்கள் கழித்தும் சம்மணம் போட முடியாமல் மடக்கும்போது உள்பக்கம் வலித்தால், பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து முளை எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.