தோலுக்குள் ஏறி இறங்கும் இரத்த ஓட்டம்: தாளத்தை அளப்பது எப்படி?

முன்கையின் உட்புறத் தோலில் லேசர் டாப்ளர் கருவியின் முனையை ஒட்டிவிட்டுத் திரையைப் பாருங்கள். கோடு நேராக ஓடாது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒரு சிறு மேடு எழும். அந்த மேடுகளெல்லாம் வேறொரு மெதுவான அலையின் முதுகில் ஏறி இறங்கும். அந்த அலையும் அதைவிட மெதுவான இன்னொன்றின் மேல் மிதக்கும். ஓட்டம் எவ்வளவு என்று சராசரி எடுத்த கணமே இவ்வளவும் அழிந்துபோகும். நுண்குழாய்கள் எப்படி வேலை செய்கின்றன என்ற செய்தி பெரும்பாலும் இந்த அலைகளில்தான் இருக்கிறது.

கருவியின் தத்துவம் எளிது. சுமார் 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் ஒளி ஓர் ஒளியிழை வழியே தோலுக்குள் போகிறது. அசையாத திசுவில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் மாறுவதில்லை. ஓடும் சிவப்பணுவில் பட்ட ஒளி மட்டும் சற்றே மாறுகிறது. அந்த ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3.8 கோடி கோடி முறை அதிர்கிறது. நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் போகும் சிவப்பணுவோ அதில் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற அளவு) வரைதான் மாற்றம் செய்யும். இதை நேரடியாகப் பிரித்தறிய வழியில்லை. அதனால் மாறிய ஒளியும் மாறாத ஒளியும் உணரியின் மேல் ஒன்றாக விழும்போது உண்டாகும் விம்மலை, அதாவது இரண்டின் அதிர்வெண் வித்தியாசத்துக்கேற்ப ஒளி ஏறி இறங்குவதை, கருவி அளக்கிறது. நகரும் சிவப்பணுக்களின் எண்ணிக்கையை அவற்றின் சராசரி வேகத்தால் பெருக்கிய மதிப்பு கிடைக்கிறது. நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று இது சொல்லாது. அளக்கப்படும் இடமும் ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டர்தான். முனையை ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒட்டினாலே எண் மாறிவிடும்.

திரையில் தெரியும் அலைகளை, அவை நொடிக்கு எத்தனை முறை வருகின்றன என்பதைக் கொண்டு பிரிக்கிறோம். 0.6 முதல் 2 ஹெர்ட்ஸ் வரை இதயத்துடிப்பு. 0.145 முதல் 0.6 வரை மூச்சு. 0.052 முதல் 0.145 வரை, அதாவது சுமார் பத்து நொடிக்கு ஒருமுறை, நுண்தமனிச் சுவரின் மென்தசை தானாகவே சுருங்கி விரிவது. 0.021 முதல் 0.052 வரை பரிவு நரம்புகளின் (நம் விருப்பமின்றியே குழாய்களைச் சுருக்கும் நரம்புகள்) கட்டளை. 0.0095 முதல் 0.021 வரை, குழாயின் உட்படலச் செல்கள், குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு வழியாகச் செய்யும் வேலை. அதற்கும் கீழே 0.005 வரை ஒரு பட்டை உண்டு. அதுவும் உட்படலத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் நைட்ரிக் ஆக்சைடைச் சார்ந்ததல்ல என்று கொள்கிறார்கள்.

0.005 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 200 நொடி. பத்துச் சுற்றாவது கையில் இருந்தால்தான் நம்பிப் பேச முடியும். அதற்கே 33 நிமிடம் வேண்டும். ஐந்து நிமிடப் பதிவை வைத்துக்கொண்டு உட்படலத்தைப் பற்றி முடிவு சொல்வது வீண். அந்த அலை அதில் இரண்டு முறைகூட முழுதாக வந்திருக்காது.

அளவெடுக்கப்படுபவர் சில மணி நேரம் முன்பிருந்தே காபி, புகை இரண்டையும் தவிர்க்க வேண்டும். 22 முதல் 24 டிகிரி வெப்பமுள்ள அறையில் இருபது நிமிடமாவது படுத்திருந்த பிறகே பதிவைத் தொடங்குங்கள். முனையை இருபுறமும் ஒட்டும் வளையத்தால் ஒட்டுங்கள். அழுத்திக் கட்டினால் அடியிலுள்ள குழாய்களே நசுங்கி ஓட்டம் குறையும். ஒளியிழையையும் கையோடு சேர்த்து ஒட்டிவிடுவது அவசியம். இழை லேசாக ஆடினாலும் கருவிக்கு அது இரத்த ஓட்டம் போலத்தான் தெரியும்: கூரான முள்போல் ஒரு குத்து. விரல் நுனியைத் தவிர்ப்பது நல்லது. அங்கே தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்குவழிகள் நிறைய. அவற்றைக் கட்டுப்படுத்தும் பரிவு நரம்பின் ஆட்டம் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும்.

பலரும் கோட்டைவிடுவது மூச்சில். அமைதியாகப் படுத்திருப்பவர் சில நேரம் நிமிடத்துக்கு ஆறு முறைதான் மூச்சு விடுவார். அது 0.1 ஹெர்ட்ஸ், நேராக மென்தசையின் பட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தசை நன்றாக வேலை செய்கிறது என்று நாம் ஏமாந்துபோவோம். மார்பில் ஒரு மூச்சுப் பட்டை கட்டி அதையும் கூடவே பதிவு செய்தால்தான் இது பிடிபடும். ஓர் ஆழ்ந்த பெருமூச்சு விட்டாலும் தோல் குழாய்கள் சுருங்கிப் பதிவில் பள்ளம் விழும். அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

பதிவிலிருந்து அலைகளைப் பிரித்தெடுக்க, முழுப் பதிவையும் சீரான அலைகளாகப் பிரிக்கும் சாதாரண ஃபூரியர் கணித முறையைவிட, பதிவைத் துண்டு துண்டாகப் பார்க்கும் வேவ்லெட் முறை பொருத்தமானது. இந்த அலைகள் கடிகாரம்போல் சீராக வருவதில்லை. வேகம் அலைந்துகொண்டே இருக்கும். வேவ்லெட் முறை வேகமான அலையைக் குறுகிய நேரச் சாளரத்தாலும் மெதுவான அலையை நீண்ட சாளரத்தாலும் பார்க்கிறது. பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் அந்த நீண்ட சாளரம் பாதி வெறுமையாக நிற்கும் என்பதால், மெதுவான பட்டைகளில் ஓரங்களை வெட்டிவிட வேண்டும். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடும்போது ஒவ்வொரு பட்டையின் வீச்சையும் (அலையின் உயரத்தையும்) மொத்த வீச்சால் வகுத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் கூடினால் எல்லாப் பட்டைகளும் சேர்ந்தே உயரும். வகுக்காவிட்டால் எது தனியாக உயர்ந்தது என்று தெரியாது.

எந்த அலை எங்கிருந்து வருகிறது என்பதை மருந்து கொண்டு சோதிக்கலாம். மெல்லிய மின்னோட்டத்தால் அசிட்டைல்கோலினைத் தோலுக்குள் செலுத்தினால், அது உட்படலத்தைத் தூண்டிக் குழாயை விரிக்கிறது. சோடியம் நைட்ரோபுருசைடு உட்படலத்தைக் கேட்காமல் நேராகத் தசையைத் தளர்த்துகிறது. இரண்டிலும் சராசரி ஓட்டம் ஏறும். ஆனால் 0.01 ஹெர்ட்ஸை ஒட்டிய அலையின் பங்கு அசிட்டைல்கோலினில்தான் கூடுதலாக உயர்கிறது.